பார்ப்பதற்கென்று வாங்கிய மஞ்சள் மை

மஞ்சள் மையில் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது, அல்லது சொல்வது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று நினைப்பார்கள். இதை என் கணவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். மஞ்சள் மையில் எழுதுகிறவர் என்று எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பொதுவாகச் சொல்வது போலச் சொன்னாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். மராத்தி பேசுகிற ஊரில், விஷ்ராந்த்வாடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வகுப்புக்குச் சார்ட் பேப்பரும் கலர் சாக்பீஸும் வேண்டும் என்று அவரை அப்பா பல்வந்த் சௌக் என்கிற கடைத்தெருவுக்கு அனுப்பினேன். புத்தகக் கடைகளும் ஸ்டேஷனரிக் கடைகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது. பேனாக் கிறுக்கு உள்ள மனுஷரை அங்கே தனியாக அனுப்பியது என் தப்பு. சார்ட் பேப்பர் வந்தது, சாக்பீஸ் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நல்லெண்ணெய் நிறம்.

"எதுக்கு, சனிக்கிழமை தேய்ச்சுக் குளிக்கவா?" என்று கேட்டேன்.

"மை" என்றார்.

புதுப் பேனா வாங்கினாலும் புது மை வாங்கினாலும் அவர் முதலில் போடுவது தன் கையெழுத்துதான். தமிழில் போடுவார். அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் தன் பெயர். கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து பெயர் முழுவதற்கும் கீழே ஒரு கோடாக ஓடும். தேஹு ரோட்டில் ராணுவ டெப்போவில் ஒரு பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். காலையில் ஸ்கூட்டரில் கட்கி ஸ்டேஷன் வரை போய், அங்கே வண்டியை விட்டுவிட்டு லோக்கல் பிடிப்பார். டெப்போவில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் அங்கேயே பிறந்தவர்கள், பேசுவார்கள், படிக்க வராது. நானும் அந்த ரகம்தான். கட்கியில் பிறந்தவள், மராத்திப் பள்ளியில் படித்தவள், அடுப்படியில் அம்மா சொல்லிக்கொடுத்த தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். அவருடைய கையெழுத்து அவருடைய மேலதிகாரிகள் எல்லோருக்கும் ஒரு படம். "கையெழுத்து படிக்கதுக்கு இல்ல, பாக்கதுக்கு" என்பார்.

அன்றைக்கு அந்தப் படத்தை மஞ்சளில் போட்டார். ஈரமாக இருந்தபோது பொன்னாக இருந்தது. காய்ந்ததும் வெளுத்தது. நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

"யாரு படிக்கிறது இத?"

"படிக்கதுக்கு யாரு வாங்குனா? பாக்கதுக்கு வாங்குனேன்."

இந்த இரண்டு வரியும் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. அவர் அந்தப் புட்டியைத் திறந்தால் நான் என் வரியைச் சொல்வேன், அவர் தன் வரியைச் சொல்வார். சண்டை இல்லை, சமாதானமும் இல்லை.

பொறுமையாகப் பார்த்தால் அந்த மையில் ஒரு விசேஷம் உண்டு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். நீலம் எங்கே போட்டாலும் நீலம்தான். மஞ்சள் அப்படி இல்லை. நிப் வேகமாக ஓடிய இடத்தில் வெளிறும், திரும்புகிற இடத்தில் தயங்கும், நின்ற இடத்தில் குளம் கட்டிக்கொள்ளும். குளம் கட்டிய இடம் காய்ந்தால் வெல்லப்பாகு நிறம். தமிழ் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம் என்பதால் ஓர் எழுத்துக்குள்ளேயே வெளிறிய மஞ்சளிலிருந்து தேன் நிறம் வரைக்கும் வந்துவிடும். அதே பேனாவை வாங்கி ஆங்கிலத்தில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். ஏதோ சோகை பிடித்தவள் மாதிரி ஒரே நிறமாக நின்றது.

"பாத்தியா, இது நம்ம எழுத்துக்குன்னே செஞ்ச மை" என்றார்.

"செஞ்சவனுக்கு நம்ம எழுத்து இருக்கறதே தெரியாது" என்றேன்.

படிக்க முடிவது வேறு கதை. அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. வீட்டில் இருந்த ஒவ்வொரு நிப்பிலும் அந்த மையை ஏற்றிப் பார்த்தார். மெல்லிய நிப்பில் எழுதினால் எழுதியதற்கு அடையாளமே இல்லை. பட்டை நிப்பில்தான் அது பிழைத்தது. ஆபீசில் தருகிற பழுப்புத் தாள் மஞ்சளை அப்படியே விழுங்கிவிடும். வழவழப்பான வெள்ளைத் தாளில் கொஞ்சம் மரியாதையாக நிற்கும். ஜெராக்ஸ் எடுத்தால் வெறும் தாள் வெளியே வரும். வெயிலில், பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கை நீட்டுகிற தூரத்தில் வைத்தே படித்துவிடலாம். சாதா பல்பின் கீழே கொண்டு போனால் வெள்ளைத் தாளை ஒருவர் உற்று உற்றுப் பார்ப்பது போல இருக்கும். டியூப்லைட்டில் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அவரே சாயங்காலம் விளக்கு போட்டதும் அந்தப் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

என் தொல்லை தாங்காமல் ஒரு தடவை அதில் இரண்டு சொட்டு பிரவுன் மையைக் கலந்தார். எழுத்து நன்றாகத் தெரிந்தது. நான் வாசித்துக்கூடக் காட்டினேன். அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்க வருது, பாக்கச் சகிக்கல" என்று சொல்லி, கலந்ததை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டார்.

இன்னொரு விஷயம் அந்த மைக்கு இருந்தது. அது யாருக்கும் சொந்தமில்லை. அவர் ஆபீசில் சாதாரண ஜனங்களுக்கு நீலமும் கறுப்பும், பெரிய அதிகாரிக்குப் பச்சை, தப்புக் கண்டுபிடிக்க வருகிறவர்களுக்குச் சிவப்பு. எனக்கும் சிவப்புதான். பள்ளிக்கூடத்தில் நான் போடுகிற சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகளின் முகம் சுண்டிப்போகும். மஞ்சளில் எழுதினால் ஒருவரும் பயப்படமாட்டார்கள், ஒருவரும் மதிக்கவும் மாட்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். நாள் முழுக்கக் கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் உட்கார்ந்து எதற்கும் செல்லாத ஒரு நிறத்தில் அதே கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருப்பார்.

கையெழுத்தின் மேல் அவருக்கு ஏன் அத்தனை பிடிப்பு என்பது எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. டெப்போவில் அவர் பிரிவில் கூலி வேலை பார்த்தவர்களில் சிலருக்குக் கையெழுத்துப் போட வராது. சம்பள நாளில் அவர்களுடைய பெருவிரலைப் பிடித்து, ஸ்டாம்ப் பேடில் அழுத்தி, தாளில் உருட்டி எடுப்பது இவர் பொறுப்பு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் அப்படிக் கழுவிக்கொண்டே சொன்னார், "பெருவிரலப் பிடிக்கப்ப மூஞ்சியப் பாக்கப்படாது." கொஞ்சம் கழித்து, "எங்கப்பா கைநாட்டு" என்றார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

புது நூற்றாண்டு பிறந்து சில வருஷங்கள் போயிருக்கும். ஒரு காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து ரேசர் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போயிருந்தது. அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருஷம் பாக்கி. மகன் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான், வந்து இருந்துவிட்டுப் போனான். கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். பேச்சு, ஒவ்வொரு வார்த்தையாக, வழி தெரியாத விருந்தாளி மாதிரி நின்று நின்று வந்தது. கைதான் வரவில்லை. பிடிக்கும், ஆனால் பிடித்ததை எங்கே கொண்டு போவது என்று அதற்குத் தெரியவில்லை.

இனி வேலைக்குப் போக முடியாது என்று ஆனபோது, உடல்நலக் காரணத்தால் ஓய்வு, பென்ஷன் என்று தாள்கள் வர ஆரம்பித்தன. ஆபீசிலிருந்து கூட வேலை பார்த்தவர் ஒருவர் அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். தங்கமான மனுஷர், மராத்திக்காரர். எல்லாவற்றையும் நான் நிரப்பலாம், ஒரு தாளில் மட்டும் மாதிரிக் கையெழுத்து வேண்டும், அதை ஆபீசுக்கு வந்து அதிகாரி முன்னால் போட வேண்டும் என்றார். "முடியலேன்னா பரவாயில்ல, இடது கைப் பெருவிரல் ரேகை வெச்சா போதும், ரூல் இருக்கு" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். என் கணவர் இடது கையின் பெருவிரலை மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன் மேல் மூடிக்கொண்டார். வந்தவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போகும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை.

"இடது கையால போட்டுப் பாருங்களேன்" என்றேன். போட்டார். குண்டு குண்டாக, ஒழுங்காகவே வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இது... யாரோ" என்றார். தாளைத் தள்ளிவிட்டார்.

அப்புறம் நான் செய்தது டீச்சர்கள் எல்லோரும் செய்வதுதான். பென்சிலால் அவர் கையெழுத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து, அதன் மேல் எழுதச் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேச்சு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். வீட்டுக்குள்ளே பாலர் வகுப்பு நடத்துகிறாயா என்று கேட்டிருப்பார். எனக்கே கூசியது. அவர் எழுதின பிறகும் அடியில் அந்தப் பென்சில் புள்ளிகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

மஞ்சள் புட்டி அலமாரியில் இருந்தது. கால்வாசிகூடத் தீரவில்லை. படிக்க முடியாத மையை எதற்குத் தீர்ப்பது? அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. மஞ்சளில் எழுதி, அதன் மேல் கறுப்பில் எழுதினால் மஞ்சள் இருந்த இடமே தெரியாது. யாரோ கை பிடித்து எழுத வைத்த தடம் தாளில் இருக்காது. அவர் போட்டது மட்டும்தான் இருக்கும். இத்தனை வருஷம் எதைச் சொல்லி அந்த மையை இளப்பம் பண்ணினேனோ, அதுதான் இப்போது எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய வங்கிப் புத்தகத்தில் இருந்த அவர் கையெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு, காலைப் பள்ளி முடிந்து வந்த மத்தியானங்களில் அவர் தூங்கும்போது எழுதி எழுதிப் பார்த்தேன். வளைவு எங்கே ஆரம்பிக்கிறது, கை எங்கே எடுபடுகிறது, வால் எந்த இடத்தில் திரும்புகிறது. தமிழில் நான் ஒழுங்காக எழுதக் கற்றது அவர் பெயரைத்தான். மற்ற எழுத்துகள் எல்லாம் அதற்குப் பிறகு அதன் பின்னாலேயே வந்தன. இதை இன்று தமிழில் எழுத முடிகிறது என்றால் அந்த மத்தியானங்கள்தான் காரணம்.

தினமும் சாயங்காலம் விளக்கு போட்டு, சமையலை முடித்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். பட்டை நிப்பில் மஞ்சளை ஏற்றி, வெள்ளைத் தாளில் அவர் கையெழுத்தை மேலிருந்து கீழாக வரிசையாக எழுதுவேன். காய்ந்ததும் அவர் பக்கம் நகர்த்துவேன். அவர் தன் கறுப்புப் பேனாவை விரல்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, தாளை ரொம்ப நேரம் பார்ப்பார். அப்புறம் எழுதுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன்.

கறுப்பு, மஞ்சளின் மேல் போகவே போகாது. ஓர் அங்குலம் தள்ளி ஆரம்பிக்கும். மஞ்சள் ஏறும்போது கறுப்பு இறங்கும். சில நாள் இரண்டு மஞ்சள் வரிகளுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் கறுப்பு தன் பாட்டுக்கு ஓடும். கை இன்னும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். "பரவாயில்ல, நாளைக்கு வரும்" என்பேன். அவர் தலையை ஆட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே பால்கனியில் உட்காருவோம். அன்றைக்குக் கோட்டின் மேலேயே போகும், அங்கங்கே வழுக்கினாலும் திரும்பி வந்துவிடும். வாரம் முழுக்க இல்லாத கட்டுப்பாடு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். காலையில் உடம்பு தெம்பாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். கணக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஆபீசிலிருந்து நாள் சொன்னார்கள். மேஜையில் போடுவதையே கையெழுத்து என்று சொல்ல முடியாது, முன்பின் தெரியாத அறையில், அதிகாரி முன்னால் என்ன வரும்? வராவிட்டால் ஸ்டாம்ப் பேடைத் திறப்பார்கள். அந்த மடங்கின விரலை யாராவது பிடித்து நிமிர்த்துவார்கள். அதை நான் நின்று பார்க்க வேண்டும். என்னால் முடியாது என்று தோன்றியது. முந்தின நாள் மத்தியானம், அவர் தூங்கும்போது, அந்தத் தாளை எடுத்து, வலது கீழ் மூலையில் கையெழுத்துக்கென்று இருந்த கட்டத்துக்குள் மஞ்சளில் அவர் கையெழுத்தை எழுதி வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. அவரிடம் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் அவருக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆட்டோ வந்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சட்டை மாட்டி உட்கார வைத்து, தாள்களைச் சாமி படத்தின் முன்னால் வைத்து, எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஆட்டோ கட்கி தாண்டிப் பழைய ஹைவேயில் போனது. அவர் இடது கையால் வலது கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். நான் பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். வலது கீழ் மூலையில் கட்டம் முழுவதும் ஒரே மஞ்சள் திட்டு. மை இல்லை. மஞ்சள் தூள்.

எங்கள் வீட்டில் எந்தப் புதுத் தாள் வெளியே போனாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைப்பது வழக்கம். கல்யாணப் பத்திரிகை மட்டுமல்ல, ஸ்கூட்டர் வாங்கினபோது வந்த தாள், மகனின் ஹால் டிக்கெட், கேஸ் கனெக்‌ஷன் புத்தகம்கூடத் தப்பவில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவில் விரல் தன் பாட்டுக்குக் கிண்ணத்தில் தொட்டு நான்கு மூலையிலும் தடவியிருக்கிறது. தண்ணீர் பட்டால் அந்த மை கரைந்து ஓடிவிடும் என்பது எனக்குத் தெரியாததா? நான் எழுதினதும் போய், அது இருந்த இடமும் தெரியாமல் போய்விட்டது. தலையில் அடித்துக்கொள்ளக்கூட அங்கே இடமில்லை.

அதிகாரி அதைப் பார்த்துச் சிரித்தார். "ஹளத்?" என்றார். மஞ்சள் வைத்த தாள் மராத்திக்காரருக்குப் புதிதா என்ன, அழுக்கு என்று அவர் நினைக்கவில்லை. என் கணவரின் கையைப் பார்த்தார். "அங்கூட்டா பீ சலேகா, மேடம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பெருவிரல் ரேகையும் செல்லும் என்று அர்த்தம். மேஜை ஓரத்தில் இருந்த ஸ்டாம்ப் பேடைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தார். ஊதா மை பளபளத்தது. என் கணவரின் இடது பெருவிரல் மற்ற விரல்களுக்குள்ளே போனது.

அவர் வலது கையால் சட்டைப் பையைத் துழாவினார். பேனா வந்தது. மூடியைப் பல்லால் கழற்றினார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு காலண்டர், அதற்கு மேலே ஒரு கடிகாரம். நிப் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்பக் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. ஓர் அரசாங்க அறையில் கடிகாரத்தைப் பார்த்து அழுகிறவள் என்று பெயர் வாங்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி தாளை எடுத்தார். பழைய சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். மாறி மாறிப் பார்த்தார். தாளை ஒரு பக்கம் திருப்பினார், நேராக்கினார், மறுபடியும் திருப்பினார். எது மேல் பக்கம் என்பதே அவருக்கு நிச்சயமில்லை. கடைசியில் என்னைக் கேட்டார், இது இவர் பெயர்தானா என்று.

வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் திட்டின் மேல் கறுப்பு மை நடுங்கிப் பரவியிருந்தது. அளவு ஒன்றரை மடங்கு. வளைவுகள் இடித்துக்கொண்டிருந்தன. கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து, பாதி தூரத்தில் மூச்சு வாங்கி, மிச்சத்தையும் ஓடி முடித்திருந்தது. எழுத்துக் கூட்டி, ஒவ்வொன்றாக விரல் வைத்து, சத்தமாகப் படித்தேன். முதலில் மாமனார் பெயரின் எழுத்து, அப்புறம் இவர் பெயர். கணவர் பெயரை அப்படி வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதிகாரி சிரித்துக்கொண்டே, தன் முன்னால் போட்டது என்று பச்சை மையில் எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார். இனி இந்தக் கையெழுத்தைத்தான் வைத்துக்கொள்வோம் என்றார். ஸ்டாம்ப் பேடை மூடினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் ஒரு காரியம் பண்ணினேன்" என்றேன். "அந்தக் கட்டத்துல நேத்தே மஞ்சள்ல எழுதி வெச்சிருந்தேன். நீங்க அது மேலேயே போட்டுடலாம்னு. காலையில நானே மஞ்சள் வெச்சு அழிச்சுட்டேன். அங்க போய்ப் பாத்ததும் எனக்கு உசிரே போச்சு. ஒண்ணுமே இல்லாம எப்படிப் போட்டீங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்த நாள்களில் அவருக்குச் சிரிக்க அந்த ஒரு பக்கம்தான்.

"டியூப்லைட்ல..." என்றார். மூச்சு விட்டார். "டியூப்லைட்ல அது... என்னைக்குத் தெரிஞ்சுது?"

எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எழுதினவளுக்கு எங்கே எழுதினோம் என்பது தெரியும், அதனால் எந்த வெளிச்சத்திலும் எனக்குத் தெரிந்தது. அவர் முன்னால் நான் தினமும் நகர்த்தி வைத்தது வெறும் வெள்ளைத் தாள். அதில்தான் அவர் இத்தனை மாதம் தன் பெயரைத் தேடித் தேடிப் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மட்டும் எனக்காக என் கோட்டின் மேலே நடந்திருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?"

அவர் வார்த்தையைத் தேடினார். ஆட்டோ ஒரு லாரியைத் தாண்டியது. வெளியே கோடவுன்களும் தகரக் கூரைகளும் போய்க்கொண்டிருந்தன.

"நீ... எழுதிட்டு இருந்த" என்றார்.

அன்று சாயங்காலம் சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்தேன். இனி அங்கே உட்கார ஒரு காரணமும் இல்லை. அவர் கம்பை ஊன்றி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரியைக் கண்ணால் காட்டினார். நான் டியூப்லைட்டைப் போட்டேன், புட்டியைத் திறந்தேன், பட்டை நிப்பில் மையை ஏற்றினேன்.

"யாரு படிக்கிறது இத?" என்று கேட்டேன்.

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பெயரை மஞ்சளில் எழுத ஆரம்பித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.